வண்டித் திருட்டு: எது திருட்டு, எந்தப் பிரிவு, எத்தனை வருடம்

கேள்வி இது: வாசலில் நிறுத்தியிருந்த பைக்கை ஒருவன் எடுத்துப்போய் நான்கு நாள் சுற்றிவிட்டு வேறு தெருவில் விட்டுவிட்டான். பிடிபட்டதும், "ஓட்டிப் பார்க்கத்தான் எடுத்தேன், திருப்பி விடத்தான் இருந்தேன்" என்கிறான். இது திருட்டு ஆகுமா, ஆகும் என்றால் என்ன தண்டனை, போலீஸ் கைப்பற்றிய வண்டி எப்போது கைக்கு வரும்?

திருட்டுதான். இந்தியாவில் அதைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆனால் தண்டனை எவ்வளவு என்பது திருடியவன் எடுத்த வண்டியைவிட, எப்படி எடுத்தான், எங்கிருந்து எடுத்தான், முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்பட்டது, அதை நீதிமன்றத்தில் எதை வைத்து நிரூபிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும்.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ். அதற்கு முன் நடந்திருந்தால், வழக்கு இன்றைக்கு விசாரணைக்கு வந்தாலும் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். திருட்டின் இலக்கணம் பழைய சட்டத்தில் 378, புதியதில் 303(1). இரண்டிலும் சாரம் ஒன்றே. ஒருவருடைய கைவசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வதற்காக நகர்த்தினால் அது திருட்டு.

இந்த வரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. "கைவசம்" என்றுதான் சட்டம் சொல்கிறது, "சொந்தமான" என்று சொல்லவில்லை. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது திருட்டைத் தீர்மானிக்காது. நண்பனிடம் இரவல் வாங்கி நீங்கள் வைத்திருந்த வண்டியை எடுத்தாலும் உங்கள் கைவசத்திலிருந்து திருடியதாகவே ஆகும். நீங்களே புகார் கொடுக்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு. சொந்த வண்டியையே திருடியதாக ஒருவர்மேல் வழக்கு வரலாம். பட்டறையில் பைக்கை விட்டு வேலை செய்யச் சொல்கிறீர்கள், கூலி பாக்கி. கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள மெக்கானிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அவர் சாப்பிடப் போன நேரத்தில் மாற்றுச் சாவியைப் போட்டுக் கூலி கொடுக்காமல் எடுத்து வந்தால் அது திருட்டு. சட்டமே கடிகாரம் பழுதுபார்ப்பவரை வைத்து இதே உதாரணத்தைத் தருகிறது. பாக்கி ஏதும் இல்லாமல், மெக்கானிக் தர மறுத்தார் என்பதற்காக எடுத்து வந்தால் திருட்டு ஆகாது. அடிதடி, அத்துமீறல் போன்ற வேறு குற்றங்கள் வரலாம், அவ்வளவுதான்.

"நகர்த்தினால்" என்பதும் முக்கியம். வண்டியை ஊரைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டியதில்லை. அந்த எண்ணத்தோடு இரண்டடி உருட்டியபோதே குற்றம் முழுமையடைகிறது. வண்டி உருளாமல் தடுத்துக்கொண்டிருந்த ஒன்றை அகற்றினாலும் நகர்த்தியதாகத்தான் பொருள் என்று சட்ட விளக்கம் சொல்கிறது. சரிவில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து வண்டியை உருளவிடுவது அப்படித்தான். ஹேண்டில் பூட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டு, வண்டி இருந்த இடத்திலேயே இருந்தால் அது திருட்டு முயற்சி. முயற்சிக்கு அந்தக் குற்றத்தின் அதிகபட்சச் சிறையில் பாதி வரைதான்.

இனி உங்கள் கேள்வியின் மையம்: "திருப்பி விடத்தான் எடுத்தேன்."

இங்கிலாந்தில் இந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. அங்கே 1968-ம் ஆண்டின் திருட்டுச் சட்டம், உரியவருக்கு அந்தப் பொருள் நிரந்தரமாக இல்லாமல் செய்யும் எண்ணம் இருந்தால்தான் திருட்டு என்கிறது. கார் எடுத்து ஓட்டிவிட்டு எங்காவது விட்டுப்போகிறவர்கள் அதில் தப்பிவிடுவார்கள் என்பதால், அனுமதியின்றி வாகனத்தை எடுப்பதை அதே சட்டத்தின் 12-ம் பிரிவு தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. நம் சட்டத்தில் "நிரந்தரமாக" என்ற நிபந்தனையே கிடையாது. இதை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய வழக்கும் ஒரு ஊர்தியைப் பற்றியதுதான். 1952 மே மாதம், ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சியில் இருந்த மெஹ்ரா என்ற இளைஞர், அப்போதுதான் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டிருந்த இன்னொருவரோடு சேர்ந்து, அனுமதி பெறாமல் ஒரு ஹார்வர்ட் விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்தார். அன்றைக்கு அவர் பயிற்சிக்காகப் போக வேண்டியிருந்தது டகோட்டா விமானத்தில். எடுத்துப்போன விமானம் பாகிஸ்தானில் போய் இறங்கியது. விமானத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்பதால் திருட்டு ஆகாது என்று வாதிட்டார்கள். 1957-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தனக்கு உரிமை இல்லாத ஒன்றின் பயனைத் தகாத வழியில் கொஞ்ச காலம் அடைவதும் தகாத ஆதாயமே, உரியவருக்கு அந்த நேரத்தில் பொருள் இல்லாமல் போவதும் தகாத இழப்பே என்று சொல்லித் திருட்டை உறுதி செய்தது. 1963-ல் பியாரே லால் பார்கவா வழக்கிலும் அதே நிலை. அரசு அலுவலகக் கோப்பு ஒன்றை வெளியே கொண்டுபோய் மறுநாள் திருப்பி வைத்ததும் திருட்டுதான் என்று தீர்ப்பானது. வண்டியைத் தந்துவிட இவ்வளவு பணம் கொடு என்று கேட்பதற்காக எடுத்து வைத்துக்கொள்வதும் திருட்டு என்பதற்குச் சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது.

ஆனால் எடுத்ததெல்லாம் திருட்டு என்றும் ஆகிவிடாது. நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். ஒரே நிறம், ஒரே மாடல், தேய்ந்த சாவி என்பதால் தன் வண்டி என்று நினைத்து வேறொருவர் ஸ்கூட்டரை எடுத்துப் போனவரிடம் அந்த எண்ணம் இல்லை. சித்தப்பா வீட்டு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கேட்காமல் கடைக்குப் போய்வந்த அண்ணன் மகனும் திருடன் அல்ல. இந்த இடத்துக்கென்றே மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 197-ம் பிரிவு இருக்கிறது. உரிமையாளர் சம்மதமோ வேறு சட்ட அதிகாரமோ இல்லாமல் வண்டியை எடுத்து ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2019 திருத்தத்துக்குப் பின் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்" என்று நியாயமாக நம்பியிருந்தார் என நீதிமன்றத்துக்குப் பட்டால் அந்தத் தண்டனையும் கிடையாது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் 303-ஐ 197-க்கு இறக்கப் பார்ப்பது வாடிக்கை. முன்பின் தெரியாதவன் பூட்டை உடைத்து எடுத்த வண்டிக்கு அந்த வாதம் நிற்காது. நம்பர் பிளேட்டைக் கழற்றியிருந்தாலோ, ஒயரை வெட்டி ஸ்டார்ட் செய்திருந்தாலோ சுத்தமாக நிற்காது. ஆகவே புகாரில் வண்டி பூட்டியிருந்த நிலையையும், திரும்பக் கிடைத்தபோது இருந்த நிலையையும் எழுதுங்கள். எண்ணத்தை நேரில் பார்த்த சாட்சி யாரும் இருக்க முடியாது. இந்த அடையாளங்களிலிருந்துதான் நீதிமன்றம் அதை உய்த்துணரும்.

தண்டனைக்கு வருவோம். சாதாரணத் திருட்டு பி.என்.எஸ். 303(2): மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய 379-ம் இதே அளவுதான். புதிதாக வந்தது, இரண்டாம் முறை தண்டிக்கப்படுகிறவருக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவல், அதோடு அபராதம். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தாலோ அதன் மதிப்பைக் கொடுத்தாலோ சமூக சேவை மட்டும். ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டிக்கு இது அநேகமாகப் பொருந்தாது. பெட்ரோல், கண்ணாடி, பழைய பேட்டரி திருட்டில்தான் பொருந்தும். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மதிப்பு 5,000-க்குக் குறைவு என்றால், நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத குற்றமாகிவிடும். எனவே பொருளின் மதிப்பைப் புகாரில் குத்துமதிப்பாகக் குறைத்து எழுதாதீர்கள், பில் இருந்தால் இணையுங்கள்.

அடுத்து 305. பலரும் கவனிக்காத பிரிவு இது. பழைய சட்டத்தில் வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும் இருந்த கூடுதல் தண்டனையை விரித்து, பொருள்களையோ பயணிகளையோ ஏற்றிச் செல்லப் பயன்படும் போக்குவரத்து ஊர்தியைத் திருடுவதையும், அத்தகைய ஊர்தியிலிருந்து பொருளைத் திருடுவதையும் புதிய சட்டம் இதில் சேர்த்தது. ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. லாரி, பேருந்து, ஆட்டோ, வாடகைக் கார், சரக்கு வேன் என்றால் பிரச்சினை இல்லை, 305 நேராகப் பொருந்தும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பைக்? பைக்கிலும் ஆள்தானே ஏறிப்போகிறார் என்று ஒரு வாதம். "பயணி" என்றால் ஏற்றிச் செல்லப்படுகிறவர், ஓட்டுகிற உரிமையாளர் பயணி ஆகமாட்டார் என்று மறுவாதம். தண்டனைச் சட்டத்தின் சொல்லை இழுத்து நீட்டக் கூடாது என்ற விதியின்படி மறுவாதமே வலுவானது என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் பைக் திருட்டுக்குப் பெரும்பாலும் 303(2)-தான் எழுதப்படுகிறது. வண்டி கட்டடத்துக்குள் இருந்து போயிருந்தால் கதை வேறு. வீட்டுக் கராஜிலிருந்து எடுத்திருந்தால் 305-ன் முதல் உட்பிரிவு வரும். இரவில் கராஜ் பூட்டை உடைத்து நுழைந்திருந்தால் 331(4) சேரும். திருடும் நோக்கத்தோடு இரவில் கன்னமிட்டதற்கு அதில் 14 ஆண்டு வரை இடமுண்டு. "வாசலில் நிறுத்தியிருந்தேன்" என்று மொட்டையாக எழுதினால் இந்தப் பிரிவுகள் எதுவும் வராது. கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, கூரை உண்டா, கதவு உண்டா, பூட்டு உடைந்ததா என்று எழுத வேண்டும்.

திருட்டு எப்போது கொள்ளையாக மாறுகிறது என்பதும் இங்கே பேச வேண்டியது. வண்டியை எடுப்பதற்காகவோ, எடுத்ததைக் கொண்டுபோவதற்காகவோ அடித்தால், அல்லது உடனே அடிவிழும் என்று பயமுறுத்தினால் அது 309-ன்படி வழிப்பறி. பத்தாண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் பதினான்கு ஆண்டு வரை. உயிருக்கு ஆபத்தான ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 311-ன்படி ஏழு ஆண்டுக்குக் குறையக் கூடாது. துரத்தி வந்த உரிமையாளரைத் தள்ளிவிட்டு வண்டியோடு ஓடினால் வழிப்பறி. வண்டியைப் போட்டுவிட்டுத் தான் தப்பிப்பதற்காக மட்டும் கல்லெறிந்தால் திருட்டும் காயமும்தான், வழிப்பறி இல்லை. அடித்தது எதற்காக என்பதே கோடு. அதனால் வாக்குமூலத்தில் எது முன்னால் நடந்தது, அந்த நேரத்தில் வண்டி யார் கையில் இருந்தது என்ற வரிசை தவறக் கூடாது.

இத்தனை ஆண்டு அத்தனை ஆண்டு என்று சட்டம் சொன்னாலும், யார் விசாரிக்கிறார் என்பது தனிக் கணக்கு. 303, 305 இரண்டும் நீதித்துறை நடுவர் விசாரிக்கும் வழக்குகள். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23-ம் பிரிவின்படி முதல் வகுப்பு நடுவர் மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. தலைமை நீதித்துறை நடுவருக்கு ஏழு ஆண்டு வரை அதிகாரம். ஆகவே 305 போட்டுவிட்டார்கள், ஏழு ஆண்டு உள்ளே இருப்பான் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்றாண்டு போதாது என்று நடுவருக்குப் பட்டால் வழக்கைத் தலைமை நடுவருக்கு அனுப்பலாம், ஆனால் அதை அவர் கருதி எழுத வேண்டும்.

முதல்முறை பிடிபட்டவருக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் திருட்டுப் பிரிவுகளைப் பெயர் சொல்லியே சேர்த்து, கண்டித்து விடுவிக்கவோ நன்னடத்தைப் பிணையில் விடவோ அனுமதிக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்பினால் ஏன் என்று நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். 18-க்குக் குறைந்தவர் என்றால் சிறார் நீதி வாரியம், அங்கே சிறைத் தண்டனை என்ற பேச்சே இல்லை. பைக் திருட்டில் பிடிபடுகிறவர்களில் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அந்தப் பையனைச் சிறைக்கு அனுப்பாததைப் பார்த்துப் புகார் கொடுத்தவர்கள் கொதிக்கிறார்கள். ஒரு வண்டிக்காக அவன் பழைய குற்றவாளிகளோடு ஒரே அறையில் வளர வேண்டாம் என்று சட்டம் நினைப்பது சரி என்றே கருதுகிறேன். வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது.

மறுபக்கம், கும்பலாக இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு பி.என்.எஸ். 111 காத்திருக்கிறது. ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களின் பட்டியலில் வாகனத் திருட்டு பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை, ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பைக் திருடினாலே இது வந்துவிடாது. தொடர்ந்து நடக்கும் சட்டவிரோதச் செயல் என்று காட்ட, முந்தைய பத்தாண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி நீதிமன்றம் அவற்றைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் போடப்படும் 111 நிலைக்காது. தமிழ்நாட்டில் பழகிய வாகனத் திருடர்கள்மேல் 1982-ம் ஆண்டின் 14-ம் எண் சட்டம், அதாவது குண்டர் சட்டம் பாய்வதும் உண்டு. அது தண்டனை அல்ல, ஓராண்டு வரையிலான தடுப்புக் காவல். அதில் உள்ளே இருந்த நாட்களைத் திருட்டு வழக்கின் தண்டனையாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஆள் பத்து பைக் எடுத்திருந்தால் பத்து வழக்கு, பத்துத் தண்டனை. நீதிமன்றம் ஏககாலத்தில் அனுபவிக்க உத்தரவிடாவிட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். 2022 டிசம்பரில் இக்ராம் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இதனால்தான். மின்துறைப் பொருள்களைத் திருடியது தொடர்பான ஒன்பது வழக்கில் தலா இரண்டாண்டு என்று பதினெட்டு ஆண்டு ஆகியிருந்தது. ஏககாலத்தில் ஓட உத்தரவிட்டு நீதிமன்றம் தலையிட்டது.

ஓட்டுநர் வண்டியோடு மாயமானால், வாடகைக்கு எடுத்தவர் காரைத் திருப்பித் தராவிட்டால்? சம்பளத்துக்கு இருக்கும் ஓட்டுநரின் கையில் வண்டி இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது முதலாளியின் கைவசம்தான். அதனால் 306-ன்படி வேலையாள் செய்த திருட்டு, ஏழு ஆண்டு வரை. வாடகைக்கு எடுத்தவரிடம் கைவசத்தையே ஒப்படைத்துவிட்டீர்கள். அங்கே திருட்டு பொருந்துவது கடினம், 316-ன் நம்பிக்கை மோசடிதான், ஐந்தாண்டு வரை. போலி ஆதார் கொடுத்து எடுத்திருந்தால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதால் 318(4) வரும், ஏழு ஆண்டு வரை. இது காகிதத்தில் மட்டும் உள்ள வேறுபாடு இல்லை. இன்சூரன்ஸ் பாலிசி திருட்டுக்குப் பணம் தரும். "நம்பிக்கை மோசடி" என்று எழுதிய அறிக்கையைக் கொண்டுபோனால் நிறுவனம் மறுக்கப் பார்க்கும். தவணை கட்டாததற்காக நிதி நிறுவனம் வண்டியை எடுத்துப்போனதும் வழக்கமாகத் திருட்டு ஆகாது. ஹையர் பர்சேஸ் ஒப்பந்தத்தில் முழுத் தவணையும் தீரும்வரை நிதியளித்தவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது, 2012-ல் அனூப் சர்மா வழக்கு அவற்றில் ஒன்று. ஆனால் அடியாள் வைத்துப் பிடுங்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் அதே நீதிமன்றம் 2007-ல் கடுமையாகச் சொன்னது. அடி, மிரட்டல் இருந்தால் அவற்றுக்குத் தனியாகப் புகார் கொடுங்கள்.

வழக்கு எங்கே தோற்கிறது? பெரும்பாலும் கைப்பற்றுதலில். திருடும்போது பார்த்தவர் இருப்பது அரிது. போலீஸ் ஒருவரைப் பிடிக்கும், அவர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாக எழுதும், அதன்பேரில் வண்டி எடுக்கப்படும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. அந்த வாக்குமூலத்தில், வண்டியைக் கண்டெடுக்க நேரடியாக வழிகாட்டிய பகுதி மட்டுமே செல்லும். வண்டி யாரும் வந்துபோகும் காலி மனையில் கிடந்தால் அது குற்றம் சாட்டப்பட்டவரின் கைவசம் இருந்தது என்று சொல்ல முடியாது. 1954-லேயே திரிம்பக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. திருட்டு நடந்த சில நாளில் ஒருவர் கையில் வண்டி இருந்து, அவர் விளக்கம் தராவிட்டால், திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். எட்டு மாதம் கழித்துக் கிடைத்தால் அந்த அனுமானம் தளர்ந்து, வழக்கு 317-ன் திருட்டுப் பொருள் வைத்திருந்த குற்றமாகச் சுருங்கும், அல்லது அதுவும் இல்லாமல் போகும். மகஜரில், அதாவது கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணத்தில் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் "ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று பிறழ்சாட்சியாவது இன்னொரு ஓட்டை. கைப்பற்றுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் 105-ம் பிரிவில் கட்டாயமாக்கியிருக்கிறது. முறையாகச் செய்தால் இந்த ஓட்டை அடைபடும்.

எண்ணைத் தேய்த்த வண்டி என்றால் அடையாளமே கேள்வியாகும். சேஸிஸ் எண்ணை அச்சுக் குத்தும்போது மேற்பரப்புக்குக் கீழே உள்ள உலோகமும் அழுந்தி இறுகுகிறது. அதனால் அரத்தால் தேய்த்து வேறு எண் குத்தியிருந்தாலும் தடய அறிவியல் ஆய்வகத்தில் ரசாயனக் கரைசல் தடவிப் பழைய எண்ணை வெளிக்கொண்டுவர முடியும். மிக ஆழமாகத் தேய்த்திருந்தால், அல்லது அந்தத் துண்டையே வெட்டி வேறு தகட்டைப் பற்றவைத்திருந்தால் முடியாது. அப்போது உதவுவது நீங்கள் சொல்லும் தனி அடையாளங்கள்: டேங்க் அடியில் உள்ள நசுங்கல், மாற்றிய ஃபுட்ரெஸ்ட், சர்வீஸ் ரசீதில் உள்ள உதிரிபாக எண்கள்.

எனவே புகாரில் பதிவெண், சேஸிஸ் எண், என்ஜின் எண், நிறம், இந்த அடையாளங்கள், கடைசியாகப் பார்த்த நேரம், காணாமல் போனது தெரிந்த நேரம், இரண்டு சாவியும் யாரிடம் இருக்கின்றன, எல்லாம் இருக்க வேண்டும். எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும், எல்லை தங்களுடையது இல்லை என்றால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு மாற்ற வேண்டும். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், அது முதல் தகவல் அறிக்கை அல்ல. பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அல்லது ஆணையருக்கு எழுத்தில் அனுப்பி, அதன் பிறகு நடுவரிடம் மனுப் போடலாம். கேமரா பதிவுகளைக் கடைக்காரர்களின் கருவிகள் சில நாட்களிலேயே அழித்துவிடும், முதல் நாளே எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றே மின்னஞ்சல். எஃப்.ஐ.ஆர். உடனே பதிந்திருந்து நிறுவனத்துக்குச் சொல்ல மட்டும் தாமதமானால் அதை வைத்து மறுக்க முடியாது என்று 2020-ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது, ஆனால் அதற்காக நீங்களும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டாமே. வண்டியிலேயே சாவி இருந்தது என்றால் அதை மறைக்காதீர்கள். மறைத்தது இரண்டாவது சாவியைக் கேட்கும்போது தெரிந்துவிடும், பிறகு உண்மையான பகுதியையும் நம்பமாட்டார்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒன்றும் கிடைக்காது.

வண்டி கிடைத்துவிட்டது, ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்து நிற்கிறது என்றால் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போலீஸ் அதைப் படிவம் 95-ல் நீதிமன்றத்துக்குத் தெரிவித்ததும், இடைக்காலமாக வண்டியை ஒப்படைக்கச் சொல்லி புதிய நடைமுறைச் சட்டத்தின் 497 அல்லது 503-ம் பிரிவில் மனுப் போடுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.ஐ.ஆர். நகல், அடையாள அட்டை, கடன் இருந்தால் வங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இணைக்க வேண்டும். 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், வண்டிகளை ஸ்டேஷன்களில் நீண்ட காலம் போட்டுவைப்பதில் பயனில்லை, படம் எடுத்துக்கொண்டு பத்திரம் வாங்கித் திருப்பிக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டம் அதையே 14 நாளில் விவரப் பட்டியல், புகைப்படம், அதன்பின் 30 நாளில் உத்தரவு என்று காலக்கெடுவாக்கிவிட்டது. விற்க மாட்டேன், நிறம் மாற்ற மாட்டேன், கேட்டபோது கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதித் தருவீர்கள். அதை மீறினால் பத்திரத் தொகை போகும். இதற்கிடையில் இன்சூரன்ஸ் பணம் வாங்கிவிட்டிருந்தால் வண்டி நிறுவனத்துக்குத்தான் சேரும்.

வண்டி வந்த பிறகு பலர் வழக்கை மறந்துவிடுகிறார்கள். சம்மன் வந்தால் போங்கள். "இது என் வண்டி, இந்தத் தேதியில் இந்த இடத்தில் காணாமல் போனது, நான் யாருக்கும் சம்மதம் கொடுக்கவில்லை" என்ற மூன்றையும் உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. முதல் சாட்சி வராததால் விடுதலையான வழக்குகளுக்குப் போலீஸை மட்டும் குறைசொல்ல முடியாது.

திருட்டு வண்டியைத் தெரியாமல் வாங்கியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திருடனிடம் இல்லாத உரிமையை அவன் உங்களுக்குத் தர முடியாது. முழுப் பணம் கொடுத்திருந்தாலும் வண்டி பழைய உரிமையாளருக்கே போகும், விற்றவர்மேல் பணத்துக்கு வழக்குப் போடுவது உங்கள் பாடு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால்தான் 317 வரும், மூன்றாண்டு வரை. சந்தை விலையில் பாதி, ஒரே சாவி, ஆர்.சி.க்குப் பதில் ஜெராக்ஸ், இப்படி இருந்தால் "தெரியாது" என்ற பதில் எடுபடாது. வாங்குமுன் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தாளில் தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சான்று எடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்தை உங்கள் முன்னால் வாங்குங்கள். பின்னால் போலீஸ் வந்து வண்டியைக் கேட்டால் ஒளிக்காமல் ஒப்படைத்து, கைப்பற்றியதற்கான ரசீது வாங்கிக்கொண்டு, விற்றவரின் எண்ணும் பணம் போன விவரமும் எழுத்தில் கொடுங்கள். அந்தக் காகிதங்கள் இருந்தால் குற்றப்பத்திரிகையில் உங்கள் பெயர் சாட்சிகளின் வரிசையில் வர வாய்ப்பு அதிகம்.